முட்டை அட்டை ஸ்டுடியோ

முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டால் வெளியே போகிற லாரிச் சத்தம் உள்ளே வராது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். ஐம்பதைத் தொட்டவன், காலேஜில் இயற்பியல் படித்தவன், நம்பினேன். அதுகூடப் பரவாயில்லை. அறை நிசப்தமாகிவிட்டால் என் மனைவியின் குரலுக்கு ஒன்றும் ஆகாது என்று இன்னொரு நம்பிக்கையும் அதற்குள் ஒளிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு முன்னால் என்னைத்தான் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்திருப்பார்கள். அவளுக்குக் கழுத்தில், எனக்குத் தலையில்.

அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு என்றார் சேலத்து டாக்டர். ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றார். அவர் படம் வரைந்து காட்டியபோது நான் பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் எழுந்து நாற்காலியைத் தள்ளும்போதுதான் மீதியைச் சொன்னார்.

"குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டித்தாங்க போகுது. பார்த்துத்தான் எடுப்போம். எப்பவாவது யாருக்காவது குரல் கொஞ்சம் மாறலாம். முன்கூட்டியே சொல்லிடறது எங்க வழக்கம்."

அவர் வழக்கம் முடிந்தது. என் வழக்கம் ஆரம்பித்தது, பயப்படுவது.

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பு. பிள்ளைகளைப் பாட்டுப் பாடியே உட்கார வைப்பாள், பாடியே எழுப்புவாள். வீட்டிலும் அதே குரல்தான். மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனைப் பேக்கரியில் டீ குடிக்கிற எனக்குக் கேட்கும். அந்தக் குரலைத்தான் 'கொஞ்சம் மாறலாம்' என்று ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறார்.

நாமக்கல் திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது, "ஏனுங்க, நம்ம பாட்ட ஒருக்கா பதிஞ்சு வெச்சுக்கலாமுங்களா?" என்றாள்.

"எதுக்கு அம்மிணி?"

"சும்மாதானுங்க. போன்ல எடுத்தாப் போதும்."

அவள் சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை.

எங்கள் பாட்டு என்றால் நாங்களே கட்டியது. கல்யாணமான புதிதில் நான் கடையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வராமல் ஊர் சுற்றிவிட்டு வருவேன். கதவைத் திறந்துகொண்டே அவள் ராகம் போட்டுக் கேட்பாள், நான் ராகம் போட்டுப் பொய் சொல்வேன். அது அப்படியே பாட்டாகிவிட்டது. நான் கிட்டார் அடிப்பேன். விரல் வைத்து அமுக்க எனக்குத் தெரிந்த கார்டு நாலு, அதில் ஒன்று சந்தேகம்.

'எங்க போயி வாரீங்க, இருட்டுக் கட்டிப் போச்சுங்க' என்று அவள் ஆரம்பிப்பாள். 'எங்கயுமே போகலீங்க, லாரி வந்து நின்னுச்சுங்க' என்று நான். இப்படியே சண்டை வளர்ந்து கடைசி வரிக்கு வரும். 'சீக்கரமா வந்துருங்க...' அந்த 'வந்துருங்க'வை மேலே கொண்டுபோய் இழுப்பாள். எங்கள் பக்கத்துக் காதுகுத்து, சீர் எல்லாவற்றிலும் கேட்டுப் பாட வைப்பார்கள். அந்த இழுப்பு வரும்போது பாயசம் குடிக்கிறவர்கள்கூட டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். என் வரிகளுக்கு யாரும் வைத்ததில்லை.

போனில் எடுத்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். பயந்தவனுக்குச் சாமான் வேண்டும். என் சிநேகிதன் ஒருவன் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறான். கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், வளைகாப்பு எதுவானாலும் ஒரே சத்தத்தில் வைப்பான். அவனிடம் ஓடினேன். ஒரு டப்பா கொடுத்தான். மைக்கை ஒரு பக்கம் சொருகி, லேப்டாப்பை இன்னொரு பக்கம் சொருகுகிற டப்பா. மைக் இரண்டு. ஒன்று, கோயிலில் மாவிளக்கு ஊர்வலம் அறிவிக்கிற முரட்டு மைக். இன்னொன்று மெல்லிய, விலை உயர்ந்த மைக். பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

"இந்த நல்ல மைக்க அம்மிணிக்கு வையி. உனக்கு அந்தக் கோயில் மைக்கே சாஸ்தி" என்றான். "உன்ற மைக்குல உன்ற சத்தம் மட்டும் இருக்கோணும். அவிய மைக்குல அவிய சத்தம் மட்டும் இருக்கோணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துச்சுன்னா அப்புறம் பிரிக்க முடியாது மாப்ள."

"பூந்தா என்ன ஆகும்?"

"அவிய சத்தத்த மட்டும் ஏத்தோணும்னு நெனப்ப. நீயும் சேந்து வந்து நிப்ப."

இன்னொன்றும் சொன்னான். நல்ல மைக்குக்கு டப்பாவிலிருந்து கரண்ட் போக வேண்டும். டப்பாவில் நாற்பத்தெட்டு என்று எழுதிய ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால்தான் அந்த மைக்குக்கு உயிர். வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் மறக்காமல் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மைக் போய்விடும். "போச்சுன்னா நீதான் வாங்கித் தரோணும்." அணைக்க வேண்டும் என்பது மட்டும் என் மண்டையில் ஆணியடித்த மாதிரி நின்றது.

அடுத்து முட்டை அட்டை. எங்கள் வீடு பைபாஸ் ஓரம். லாரி ஓயாது. அதில் என் பங்கும் உண்டு. நான் கடை வைத்திருப்பது லாரி உதிரி பாகங்களுக்கு. முக்கியமாக ஏர் ஹாரன். மூணு குழல், அஞ்சு குழல், குதிரை கனைக்கிற மாதிரி ஒன்று, குழந்தை அழுகிற மாதிரி ஒன்று. ஊருக்கெல்லாம் ஹாரன் விற்றவன் தன் வீட்டில் மட்டும் அமைதி வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வீடியோ தேடிக்கொண்டிருந்தேன். எல்லா வீடியோவிலும் முட்டை அட்டை. நாமக்கல்லில் பிறந்தவனுக்கு இதைவிட என்ன அதிர்ஷ்டம் வேண்டும்? அவள் தம்பிக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. போன் போட்டேன்.

"எத்தன அட்ட வேணுங்க மாமா?"

"ரூமு நெறையற அளவுக்கு."

"ரூமுக்குள்ள கோழி உடறீங்களா?"

பழைய அட்டைகளை வேனில் அனுப்பிவிட்டான். சனிக்கிழமை முழுக்கப் படுக்கை அறைச் சுவரில் ஒட்டினேன். கதவின் பின்னால், அலமாரி முதுகில், கூரையில்கூட. அங்கங்கே ஒரு இறகு நீட்டிக்கொண்டிருந்தது. வேர்த்து ஊற்றிக்கொண்டு கீழே இறங்கி, கதவை மூடி, கண்ணையும் மூடிக் காது கொடுத்தேன். பைபாஸில் ஒரு டேங்கர் போயிற்று. முன்பு எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டது. இப்போது கொஞ்சம் கோழி வாசனையோடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டே எழுந்தாள். எனக்கும் முதுகெல்லாம் அரிப்பு. தலையணையில் மிளகைப் பொடித்த மாதிரி என்னவோ நகர்ந்தது. கோழிப்பேன்! அட்டையோடு குடிவந்திருந்தது. அவள் இரண்டு முறை இருமினாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இருமலோடு போனால் ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்தால் கட்டி வளரும். வளர்ந்தால் நரம்பைச் சுற்றும். அந்த ஒரு இருமலிலிருந்து, அவள் இனிப் பேசவே முடியாது என்கிற இடம் வரைக்கும் நான் போய்ச் சேர்வதற்குப் பல் விளக்குகிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் என் அட்டையால்.

"ஏனுங்க, ஒறஞ்சு போயி உக்காந்திருந்தா ஆச்சுங்களா? பிச்சு எறிங்க எல்லாத்தையும்" என்றாள்.

பிய்த்தோம். அட்டையோடு சுவரின் பெயின்ட்டும் வந்தது. கழுவித் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு, குளித்துவிட்டு உட்காரும்போது மதியம் தாண்டிவிட்டது. இருமல் நின்றிருந்தது. தொண்டை மட்டும் அரிக்கிறது என்றாள்.

லேப்டாப்பின் விசிறிச் சத்தம் வரக்கூடாது என்று அதையும் டப்பாவையும் சமையலறையில் வைத்து, வயரை மட்டும் கதவிடுக்கில் படுக்கை அறைக்குக் கொண்டுவந்தேன். போன் இரண்டையும் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். சிநேகிதன் சொன்னபடி அவளை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன், நான் எதிர் மூலையில் ஜன்னலைப் பார்த்து. இரண்டு பேர் முதுகும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"பாடலாமுங்களா அம்மிணி?"

"யாருகிட்டப் பாடறதுங்க? செவுத்துகிட்டயா?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துரும்."

"பூந்தாப் பூருது. நீங்க எப்ப ஆரம்பிக்கறீங்கன்னு மொகத்தப் பாத்தாத்தானுங்க எனக்குத் தெரியும். இத்தன வருசமா அப்படித்தான் பாடறேன்." சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். முழங்கால் இடித்தது.

நல்ல மைக்கின் வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. நீள வயர் வேறு ஒன்று இருந்தது. சமையலறைக்கு ஓடினேன். வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் ஞாபகமாக நாற்பத்தெட்டு பட்டனை அணைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பழைய வயரைக் கழற்றி நீள வயரைச் சொருகினேன். அப்போது பார்த்து உள்ளேயிருந்து, "வாங்க, அரிப்பு அடங்கியிருக்குது, இப்பவே பாடிப்போடறேன்" என்று சத்தம். பதிவுப் பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவந்தேன்.

பாடினோம். நான் வழக்கமாகத் தப்பு விடுகிற இடத்தில் விடாமல் வேறு இடத்தில் விட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினாள். 'லாரி வந்து நின்னுச்சுங்க' என்று நான் பொய் சொல்லும்போது வழக்கம்போலப் புருவத்தைத் தூக்கினாள். நான் அவள் கழுத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரி வந்தது. 'சீக்கரமா வந்துருங்க' என்று அவள் மேலே ஏறவும் பைபாஸில் ஒரு ஹாரன் கிளம்பியது. மூணு குழல். அந்த ஹாரனை விற்றவனே நான்தான், ஓட்டுகிறவனையும் தெரியும். நாசமாகப் போனது என்று கிட்டாரை நிறுத்தப் போனேன். அவள் கண்ணாலேயே 'அடிங்க' என்றாள். இழுப்பை விடவில்லை. ஹாரன் வந்தது, வீட்டைத் தாண்டியது, தேய்ந்தது, இல்லாமலே போனது. அவள் அதற்கப்புறமும் இழுத்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். அப்புறம் இரண்டு இருமல். அப்புறம் சிரிப்பு.

"ஜெயிச்சுட்டேனுங்க" என்றாள். "வந்துச்சுங்களா பாருங்க."

சமையலறைக்குப் போனேன். ரிசல்ட் பார்க்கப் பயப்படுகிற பையன் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினேன், சேமித்தேன், மூடினேன். போட்டுக் கேட்கத் தைரியமில்லை. "வந்துருச்சு" என்று கத்தினேன்.

ஆபரேஷன் அன்று அவளை உள்ளே கொண்டுபோனதும் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே வரிசையாக இரும்பு நாற்காலி. நான் லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். உள்ளே என்ன ஆனாலும் குரல் இங்கே என் மடியில் இருக்கிறது என்று ஒரு கணக்கு.

திரையில் இரண்டு கோடு. என் மைக்கின் கோடு மலையும் பள்ளமுமாக, கொல்லிமலை மாதிரி இருந்தது. அவள் மைக்கின் கோடு நேராகப் போயிற்று. பைபாஸ் ரோடு மாதிரி, ஒரு மேடு இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். ஊதினேன். கோடு நேராகத்தான் இருந்தது. அப்புறம்தான் நாற்பத்தெட்டு ஞாபகம் வந்தது. அணைத்தது ஞாபகம் இருந்தது. மறுபடி அமுக்கியதாக எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. விலை உயர்ந்த அந்த மைக் பிணம் மாதிரி அவள் முன்னால் நின்றிருக்கிறது, அவள் அதனிடம் பாடியிருக்கிறாள்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே இந்த நேரம் கத்தி எந்த நரம்பின் பக்கத்தில் இருக்கிறதோ. அந்தக் குரல் இனி வெளியே வராமல் போனால், அதை மிச்சம் வைத்திருக்க வேண்டியவன் ஒரு பட்டன் அமுக்காமல் தொலைத்துவிட்டான். எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "நிறுத்துங்க, இன்னொருக்கா பதிஞ்சுட்டு வாரோம்" என்று சொல்லலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். எழுந்தும் விட்டேன். சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் என் மைக்கைப் போட்டேன். கிட்டார் தடதடவென்று விழுந்தது. அப்புறம் எங்கோ பின்னால், பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து பாடுகிற மாதிரி, 'எங்க போயி வாரீங்க.'

கோயில் மைக்குக்குக் கரண்ட் வேண்டியதில்லை. முழங்கால் இடிக்கிற தூரத்தில் அவள் உட்கார்ந்ததால், என் குரலுக்கும் கிட்டாருக்கும் இடையில் கிடைத்த சந்தில் எல்லாம் அவளும் பூந்திருந்தாள். மெலிசாக. ஒரு வரி கேட்டது, ஒரு வரியில் நான் அவள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். கடைசி இழுப்பு மட்டும் முழுசாக இருந்தது. அங்கே நான் வாயை மூடியிருக்கிறேன், ஹாரனுக்குப் பயந்து கிட்டாரையும் தொட்டும் தொடாமலும் அடித்திருக்கிறேன். ஹாரனும் அவளும் மட்டும். நான் ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டேன். மூக்கு ஒழுகியது.

பக்கத்து நாற்காலிக்காரர் ஆத்தூர்ப் பக்கம். அவர் மகனும் உள்ளே இருந்தான். என்னைத் தட்டி, "பாட்டு கேக்கறீங்களா சார்? உங்களுக்கு மனசுல தெம்பு இருக்குது" என்றார். நான் அழுதுகொண்டே ஆமாம் என்றேன்.

அவளை அறைக்குக் கொண்டுவந்தபோது கழுத்தில் கட்டு. டாக்டர் குனிந்து, "ஏதாவது பேசுங்கம்மா" என்றார். அவள் வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, மண்ணில் தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு குரல்:

"பாட்டு... கேட்டீங்களா?"

என் வீட்டுக்காரியின் குரல் அது இல்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டேன்."

"நல்லா... வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்துருக்குது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர், மூச்சுக்குத் தொண்டையில் குழாய் விட்டதில் அப்படித்தான் இருக்கும், போகப் போகத் தெரியும் என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏதாவது வேண்டுமானால் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பகலெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டோடு மல்லுக்கட்டினேன். அவள் சத்தத்தை ஏற்றினால் நானும் சேர்ந்து மேலே வந்தேன். என்னை அமுக்கினால் அவளும் அமுங்கினாள். சிநேகிதன் சொன்னது அத்தனையும் நடந்தது. பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கிற செயலி ஒன்று இருக்கிறது என்றார்கள். அதில் போட்டேன். என்னைப் பிரித்து எடுத்துவிட்டது, சந்தோஷம். மிச்சம் வந்த அவள் குரல் தண்ணீர் டாங்கிக்குள் விழுந்தவள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தத் தகரம் ஞாபகம் வந்து, உடனே அழித்தேன்.

இதில் இன்னொரு கூத்து. பாட்டின் கடைசியில் அவள் இருமியது பதிவாகியிருந்தது அல்லவா? ஹெட்போனில் அது வரும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே ஓடுவேன். தையல் பிரிந்துவிட்டதோ, மூச்சு அடைக்கிறதோ என்று. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து என்னையே திட்டிக்கொண்டு மறுபடி போடுவேன். மறுபடி இருமல், மறுபடி ஓட்டம். ஒருநாள் சாயங்காலம் இருமல் கேட்டது. அடே, நீ பழைய இருமல், உன்னிடம் ஏமாற மாட்டேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். மறுபடி கேட்டது. டம்ளர் சத்தமும் கேட்டது. பதிவில் டம்ளர் எங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தோளில் ஸ்பூன் விழுந்தது.

"செத்தாலும் வரமாட்டீங்க போலிருக்குது" என்று காற்றுக் குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். இரண்டு கோட்டையும் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவளுக்கு எது நிரம்பியது, எது காலி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது யாருங்க?" நேர் கோட்டைத் தொட்டாள்.

"அது... நீ."

ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் நின்றேன். பாட்டு முழுக்க அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹாரன் வருகிற இடத்தில் கழுத்துக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதாக்கும் என்று பதறி ஓடினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சிரித்தால் தையல் இழுக்கும்.

"போன்ல எடுத்தாப் போதும்னு... அப்பவே சொன்னேனுங்க."

"இரு அம்மிணி, ஹாரனையாவது எடுத்துப் பாக்கறேன்."

"ஒண்ணையும் தொடாதீங்க." ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். "சோத்த வைங்க, பசிக்குது."

நான் தொடவில்லை. கொஞ்சம் சத்தம் ஏற்றினேன், அவ்வளவுதான் என் மிக்ஸிங். மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எப்படி இருந்துச்சு மாப்ள நம்ம மைக்கு?" என்று சிநேகிதன் கேட்டான். "ஒரு சின்ன எரைச்சல்கூட இல்ல" என்றேன்.

பரிசோதனையில் அது சாதாரணக் கட்டி என்று வந்தது. குரல் நாளாக ஆகத் திரும்பியது. பள்ளிக்கூடம் போகிறாள், மாடியிலிருந்து கூப்பிட்டால் பேக்கரிக்குக் கேட்கிறது. மேலே ஏறுகிற அந்த இழுப்பு மட்டும் வரவில்லை. அந்த உயரத்துக்குப் போகிற சின்ன நரம்பு ஒன்று அடிபட்டிருக்கலாம், இனி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். போன மாதம் ஒரு காதுகுத்தில் பாடினோம். 'சீக்கரமா வந்துருங்க'வை அவள் கீழேயே பாடி நிறுத்திக்கொண்டாள். மேலே நான் இழுத்தேன். யாரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.